கொள்ளைநோய்க் காலத்தில் குழந்தை மருத்துவ அறம்

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுத்துக் காட்டி நிறைவு பெறுகிறது. நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் ஆகிய நான்கும் கூடியதே மருத்துவம் என்பது வள்ளுவர் கண்ட முடிபு. இந்நான்கனுள் மருத்துவரையும் மருந்தையும் உலகம் மறப்பதில்லை. நோயாளியையும் ஒருவாறு நினைவில் வைத்துள்ளது. அருகிருப்பவரைத்தான் எளிதில் மறந்துவிடுகிறது. அவரை மருத்துவத்தின் ஒரு கூறாகக் கருதாமல், மருத்துவமனை வாயிலில் நிறுத்தி வைக்கத்தக்க பார்வையாளராகக் கருதும் வழக்கம் மிகுந்துவிட்டது.

வளர்ந்தவர் நோயுறும்போது இம்மறதி துன்பம் தரும். குழந்தை நோயுறும்போதோ மருத்துவத்தையே குறைபடுத்திவிடும். குழந்தைக்குத் தன் வலி எங்கே என்று சொல்லத் தெரியாது. கொடுக்கும் மருந்துக்கு இசைவு தரவும் மறுக்கவும் அதனால் இயலாது. அதன் நாவாக இருப்பவர்கள் பெற்றோரே. கொள்ளைநோய் பரவும் காலத்தில் அப்பெற்றோரின் குரலும் அடங்கிப்போகிறது. அச்சமும் அரசாணையுமே ஓங்கி ஒலிக்கின்றன. அந்நிலையில் குழந்தைக்காகப் பேசுபவர் யார்? 2020-ஆம் ஆண்டு முதல் உலகை அலைக்கழித்த கொரோனாப் பெருந்தொற்று இவ்வினாவை நம் ஈரோட்டு வீதிகளிலேயே எழுப்பிச் சென்றது. அதற்கு விடை காணாமலே நாம் இயல்பு வாழ்வுக்குத் திரும்பிவிட்டோம் என்பது என் கருத்து. தமிழ் பயிற்றுவிப்பவன் மருத்துவம் பேசலாமா என்று கேட்போர்க்கு ஒன்று கூறுவேன்: மருந்தைப் பற்றிப் பேசுதல் மருத்துவர் உரிமை, அறத்தைப் பற்றிப் பேசுதல் அனைவர்க்கும் உரிய கடமை.

தமிழ்நாட்டின் முதற் கொரோனா நோயாளி 2020 மார்ச் 7 அன்று கண்டறியப்பட்டார். அம்மாதத்தின் மூன்றாம் வாரத்தில், ஈரோட்டுக்கு வந்திருந்த தாய்லாந்து நாட்டினர் இருவருக்குத் தொற்று உறுதியாயிற்று. மார்ச் 22 அன்று மத்திய அரசு முடக்குமாறு அறிவுறுத்திய மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை, காஞ்சிபுரம், ஈரோடு ஆகிய மூன்றும் இடம்பெற்றன. மஞ்சளும் ஜவுளியும் வணிகம் செய்து வாழும் நகரம் ஓரிரவில் ஓசையற்றுப் போயிற்று. தெருக்கள் தகரத்தாலும் சவுக்குக் கட்டைகளாலும் அடைக்கப்பட்டன. ஒருகாலத்தில் காசநோயாளர்க்குரிய நலவாழ்வு மனையாக விளங்கிய பெருந்துறை வளாகம் மீண்டும் ஒரு தொற்றுநோயாளர் புகலிடமாயிற்று. மார்ச் இறுதியில் கோவையைச் சேர்ந்த பத்து மாதக் குழந்தை ஒன்றுக்கும் தொற்று கண்டறியப்பட்ட செய்தி வெளிவந்தது. பத்து மாதக் குழந்தையைத் தனிமைப்படுத்துவது எங்ஙனம்? அதற்கு 'தனிமை' என்னும் சொல்லே தெரியாதே!

அந்நாள்களில் நோய்க்கு மதச்சாயம் பூசப்பட்டதை ஈண்டுச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. தில்லி நிஜாமுத்தீன் நிகழ்வை அடுத்து ஒரு சமுதாயமே நோய் பரப்பும் கூட்டமாகப் பேசப்பட்டது. தப்லீக் பணிக்கு வந்திருந்த வெளிநாட்டினர்மீது தொடுக்கப்பட்ட வழக்குகளை பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு 2020 ஆகஸ்டில் நீக்கியபோது, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டிருக்கக்கூடும் என்ற கருத்தையும் பதிவு செய்தது. நீதி கிட்டியது என மகிழலாம். ஆயினும் ஏப்ரல் மாதத்தில் காய்ச்சலோடு துடித்த குழந்தைக்கு ஆகஸ்டுத் தீர்ப்பால் என்ன பயன்? பெயரைக் கேட்டவுடன் முகம் மாறும் இடத்திற்குக் குழந்தையைத் தூக்கிச் செல்ல எந்தத் தாயும் தயங்குவாள். வீட்டிலேயே கைவைத்தியம் பார்த்துக்கொள்வாள். அவளது தயக்கத்தை அறியாமை என்று பழிப்பதற்கு முன், அத்தயக்கத்தை உண்டாக்கியவர் யார் என்று கேட்டல் வேண்டும். நோயாளியின் சமயத்தை நோய்ச் செய்தியோடு சேர்த்துச் சொல்வது நாகரிகக் குறைவு மட்டுமன்று. அது நேரடியான மருத்துவத் தீங்குமாகும்.

தொற்றுடையோரைத் தனிமைப்படுத்தும் முறைக்கு நாம் எதிரிகள் அல்லர். கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையவும் வேண்டா, அவ்வூரிலிருந்து வெளியேறவும் வேண்டா என அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை இஸ்லாமியச் சிறுவரும் அறிவர். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் சிரியா நோக்கிச் சென்றபோது, அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து வழியிலிருந்தே திரும்பிய வரலாறும் புகழ்பெற்றது. இறைவன் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று வினவப்பட்டபோது, ஒரு விதியிலிருந்து இறைவனின் இன்னொரு விதிக்கே செல்வதாக அவர் விடையிறுத்தார். பாரசீக மருத்துவ மேதை அர்ராஸி அம்மை நோய்களைப் பற்றி ஒரு தனிநூலே இயற்றிப் பெரியம்மையையும் தட்டம்மையையும் பிரித்தறிந்தார். ஆகவே அறிவுக்கும் நம்பிக்கைக்கும் இடையே நமக்குப் பகையில்லை. யாரை யாரிடமிருந்து பிரிப்பது, எத்துணைக் காலம் பிரிப்பது, பிரிப்பதனால் உண்டாகும் தீங்கை யார் அளந்து பார்த்தார் என்பனவே நம் வினாக்கள்.

பிறந்த குழந்தையின் நிலையை எண்ணிப் பார்ப்போம். தாய்க்குத் தொற்று இருக்கிறது; குழந்தை அப்போதுதான் பிறந்திருக்கிறது. என் செய்வது? உலகச் சுகாதார நிறுவனம் தொடக்கத்திலிருந்தே தாயும் சேயும் ஒருங்கே இருக்கலாம், தாய்ப்பாலும் ஊட்டலாம், தாய் முகக்கவசம் அணிந்து கைகளைத் தூய்மை செய்துகொண்டால் போதும் என அறிவுறுத்தியது. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமோ 2020 ஏப்ரலில், தற்காலிகமாகப் பிரித்து வைப்பதே பாதுகாப்பு என்னும் நிலையை எடுத்தது. மூன்று திங்களில், ஜூலையில், தன் நிலையை மாற்றிக்கொண்டு தாயும் சேயும் ஓரறையில் இருக்கலாம் என்றது. அறிஞர் குழு தன் கருத்தை மாற்றிக்கொண்டது பாராட்டத்தக்கதே. ஆனால் அம்மூன்று திங்களில் பிறந்த குழந்தைகள் இழந்த சீம்பாலை எவராலும் திருப்பித் தர இயலாது.

குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் பட அணைத்து வைக்கும் கங்காரு முறைப் பராமரிப்பு ஏழை நாடுகளுக்குக் கிடைத்த பெருங்கொடை. இம்முறை முழுமையாகப் பின்பற்றப்பட்டால் 1,25,000-க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் உயிரைக் காக்கலாம். தாயிடமிருந்து கொரோனா தொற்றி இறக்கக்கூடிய குழந்தைகளோ 2,000-க்கும் குறைவு என 2021-இல் வெளிவந்த ஆய்வொன்று மதிப்பிட்டது. இத்தராசை ஒருவரும் தூக்கிப் பார்க்காமல் பிரித்து வைத்த இடங்கள் உலகெங்கும் இருந்தன. பிரிப்பவர் கொடியவரா எனின், அல்லர். தொற்று பரவினால் பழி வரும். தாய்ப்பால் கிட்டாமற் போனால் எவர்மீதும் பழி வாராது. பழிக்கு அஞ்சி எடுக்கும் முடிவு எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தீங்கைத் தவிர்த்துக் கண்ணுக்குத் தெரியாத தீங்கைத் தேர்ந்தெடுக்கிறது. வள்ளுவர் கூறிய நான்காம் கூற்றை நீக்கிவிட்டு எஞ்சிய மூன்றைக் கொண்டு மருத்துவம் செய்ய முனைந்தோம் என்பதே உண்மை.

கண்ணுக்குத் தெரியாத தீங்குகளுள் பெரியது தடுப்பூசித் தவணைகள் தவறியமை. கொரோனா முதியோரைத் தாக்கியது போலச் சிறாரைத் தாக்கவில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அது எளிய காய்ச்சலாகவே வந்து சென்றது. சிலருக்கு மட்டுமே பின்னர்ப் பல உறுப்புகளைப் பாதிக்கும் அழற்சி நோய் தோன்றியது. ஆனால் தட்டம்மையும் தொண்டையடைப்பானும் கக்குவானும் குழந்தைகளையே தேடிவரும் நோய்கள். முடக்கத்தின் தொடக்க வாரங்களில் ஊர்தோறும் நடக்கும் தடுப்பூசி அமர்வுகள் தடைப்பட்டன. 2020 மே மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் தடுப்பூசிப் பணிக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டபோதும், அடைக்கப்பட்ட பகுதிகளில் தெருமுனை அமர்வுகள் நடைபெறவில்லை. அடைப்புக்கு உள்ளே இருந்தது கொரோனா நோயாளி மட்டுமா? ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்குக் காத்திருந்த குழந்தையும் அதே அடைப்புக்குள்தான் இருந்தது.

2020-ஆம் ஆண்டில் உலகில் 2 கோடியே 30 இலட்சம் குழந்தைகள் அடிப்படைத் தடுப்பூசிகளை முழுமையாகப் பெறவில்லை என உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃப் அமைப்பும் 2021-இல் அறிவித்தன. அவ்வாறு விடுபட்டோர் மிகுந்த நாடுகளின் முன்வரிசையில் இந்தியா நின்றது. அதன் விளைவு உடனே தோன்றவில்லை. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் மும்பையின் கோவண்டிப் பகுதியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் உயிரிழந்தனர். நெருக்கமான குடிசைகளில் ஏழை முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் பகுதி அது. அதே நவம்பரில் ராஞ்சி, அகமதாபாத், மலப்புரம் ஆகிய இடங்களுக்கும் மத்திய அரசு மருத்துவக் குழுக்களை அனுப்ப நேர்ந்தது. மலப்புரம் நமக்குத் தொலைவில் இல்லை. பாலக்காட்டுக் கணவாயைக் கடந்தால் வந்துவிடும். தவறிய தவணைகளோடு தடுப்பூசி பற்றிய ஐயமும் அங்கெல்லாம் கைகோத்திருந்தது என்பது மறுக்கவியலாதது. அவ்வையம் நம் சமுதாயத்தில் உண்டு என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டபின் அது எங்கிருந்து வந்தது என்றும் ஆராய வேண்டும்.

அவ்வாராய்ச்சி நம்மை நைஜீரிய நாட்டின் கானோ நகருக்கு இட்டுச் செல்கிறது. 1996-ஆம் ஆண்டு அந்நாட்டின் வடபகுதியில் மூளையுறைக் காய்ச்சல் கொள்ளைநோயாகப் பரவிப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. முஸ்லிம்கள் மிகுந்து வாழும் கானோவின் தொற்றுநோய் மருத்துவமனையில் ஃபைசர் நிறுவனம் தன் புதிய மருந்தாகிய ட்ரோவாஃப்ளாக்சசினை 200 குழந்தைகளைக் கொண்டு சோதித்தது. நூறு பேருக்குப் புதிய மருந்து. நூறு பேருக்கு ஏற்கெனவே வழக்கிலிருந்த செஃப்ட்ரியாக்சோன். முதற் பிரிவில் ஐவரும் இரண்டாம் பிரிவில் அறுவரும் இறந்தனர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதானே எனத் தோன்றும். பிள்ளைகளின் பெற்றோர், தங்கள் குழந்தை சோதனைக்கு உட்படுத்தப்படுகிறது என்பதை அறிந்திருந்தனரா என்பதே வழக்கு. அதே மருத்துவமனையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் குளோராம்ஃபெனிகால் என்னும் நம்பகமான பழைய மருந்தை இலவசமாக வழங்கிக்கொண்டிருந்தனர். அதைப் பெறலாம் என்று அத்தாய்மாரிடம் சொல்லப்பட்டதா? ஒப்பிடுவதற்குக் கொடுத்த மருந்தின் அளவு வேண்டுமென்றே குறைக்கப்பட்டது என்றும் குற்றம் சாட்டப்பட்டது. நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. எனினும் 2009-இல் கானோ மாநிலத்தோடு 7 கோடியே 50 இலட்சம் டாலர் தருவதாக உடன்பாடு செய்துகொண்டது.

கதை அத்தோடு முடியவில்லை. 2003-இல் கானோ மாநிலம் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியது. அம்மருந்து மலட்டுத்தன்மை உண்டாக்கும் என்ற வதந்தி தவறானது. அதில் எள்ளளவும் உண்மையில்லை. ஆனால் அவ்வதந்தியை நம்பிய தந்தையர்க்கு 1996 நினைவில் இருந்தது. ஏறத்தாழ ஓராண்டு நீடித்த அந்நிறுத்தத்தின்போது நைஜீரிய வடபகுதியிலிருந்து கிளம்பிய போலியோ பல நாடுகளைக் கடந்து 2005-இல் இந்தோனேசியா வரை சென்றது. கானோ மக்கள் மீண்டும் சொட்டு மருந்துக்கு இசைந்ததும் வியப்புக்குரிய முறையில்தான். முஸ்லிம் நாடாகிய இந்தோனேசியாவில் உற்பத்தியான மருந்து தரப்பட்டபின்னரே ஐயம் தெளிந்தது. மருந்து ஒன்றுதான், நம்பிக்கைதான் வேறு. ஆப்பிரிக்கக் கண்டம் இயற்கைப் போலியோவிலிருந்து விடுபட்டதாக 2020 ஆகஸ்ட் 25 அன்று சான்றளிக்கப்பட்டது. ஒரு மருத்துவமனையில் முறையாகக் கேட்டுப் பெறாத இசைவு, இருபதாண்டுகள் கடந்தும் எத்துணைக் குழந்தைகளின் கால்களைச் சூம்பச் செய்தது என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சம் பதைக்கிறது.

இதனால் குழந்தைகளைக் கொண்டு ஆய்வே செய்யலாகாது என்பது பொருளன்று. அவ்வாறு தடுத்தால் பெரியவர்க்குரிய மருந்தைக் குத்துமதிப்பாகக் குறைத்துக் கொடுக்கும் வழக்கமே நிலைபெறும். அதுவும் ஒரு சோதனைதான், பதிவேடு இல்லாத சோதனை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு நல்ல வழி காட்டுகின்றன. பெற்றோரின் எழுத்து மூலமான இசைவு மட்டும் போதாது. ஏழு வயது நிரம்பிய சிறுவரிடம் வாய்மொழியாகவும், பன்னிரண்டுக்கு மேற்பட்டவரிடம் எழுத்திலும் ஒப்புதல் பெற வேண்டும் என அவை விதிக்கின்றன. ஏழு வயதுச் சிறுமியைக் கேட்டு ஊசி போடுவதா எனச் சிலர் நகைக்கலாம். கேட்கப்படுகிறோம் என்னும் உணர்வே அச்சிறுமியைப் பண்டமாகாமல் காக்கிறது. நம் நாட்டில் கோவாக்சின் தடுப்பூசியை 2 முதல் 18 வயதுக்குட்பட்ட 525 பேரைக் கொண்டு 2021-இல் ஆய்ந்தனர். இரண்டாம் அலையின் கொடுமையில் நாடே கலங்கியிருந்த வேளை அது. அத்தகைய வேளையில் பெற்றோர் தரும் இசைவு அச்சத்தின் இசைவா, அறிவின் இசைவா என்பதை அறநெறிக் குழுக்கள் பன்மடங்கு விழிப்போடு ஆராய வேண்டும். அவசரக் காலத்தில் விதிகள் தளர வேண்டும் என்பாரும் உளர். என் எண்ணம் நேர்மாறானது. மற்றவர் சொல் எளிதில் செல்லுபடியாகும் காலத்தில்தான் பேச இயலாதவர்க்குரிய விதி இறுக வேண்டும்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடுவது குழந்தையின் நலனுக்கா, வீட்டிலுள்ள முதியோரின் நலனுக்கா என்னும் வினாவும் எழுந்தது. இங்கிலாந்தின் தடுப்பூசிக் குழு 2021 செப்டம்பர் 3 அன்று, 12 முதல் 15 வயதுவரையுள்ள நலமான சிறாருக்கு உடல்நல நோக்கில் மட்டும் கிட்டும் பயன் மிகச் சிறிது என்று கூறி, அனைவர்க்கும் போடுமாறு பரிந்துரைக்க மறுத்தது. பத்து நாள்களில் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அலுவலர்கள் பள்ளிக்கல்வி தடைப்படுவதையும் கணக்கிற்கொண்டு ஓர் ஊசி போடலாம் என்றனர். இருதரப்பு முடிவினும் அவர்கள் வெளிப்படையாக வாதிட்ட முறையே எனக்கு உயர்வாகத் தோன்றுகிறது. இந்தியாவில் 15 முதல் 18 வயதினர்க்கு 2022 ஜனவரி 3 முதலும், 12 முதல் 14 வயதினர்க்கு மார்ச் 16 முதலும் ஊசி போடப்பட்டது. பள்ளி வளாகங்களில் மாணவர் வரிசையாக நின்றனர். அதற்கு முன் நடந்த வாதம் எங்கே நடந்தது, யார் யார் வாதிட்டனர் என்பதைப் பெற்றோர்க்கு எளிய தமிழில் எடுத்துரைத்தார் எத்தனை பேர்?

மருந்து மிகுதியும் ஓர் அறக்கேடுதான். மூன்றாம் அலை சிறாரையே தாக்கும் என்ற பேச்சு 2021-இன் நடுவில் எங்கும் பரவியது. கோவை, திருப்பூர், ஈரோடு முதலிய மேற்கு மாவட்டங்களில் தொற்று தணியாமையால் ஜூன் மாதத்திலும் முழுத் தளர்வு கிட்டவில்லை. அச்சம் உச்சத்தில் இருந்தது. அவ்வேளையில் மத்திய சுகாதாரப் பணிகள் இயக்ககம் ரெம்டெசிவிர் மருந்தைப் பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்குப் பரிந்துரைப்பதில்லை என்றும், எளிய தொற்றுக்கு ஸ்டீராய்டு தீங்கு பயக்கும் என்றும், ஐந்து வயதுவரை முகக்கவசம் வேண்டா என்றும் அறிவித்தது. மிகச் சிறந்த அறிவிப்பு. கையிலிருக்கும் பணத்தையெல்லாம் கொட்டியேனும் பிள்ளையைக் காக்கத் துடிக்கும் தந்தையிடம் 'ஒன்றும் வேண்டா, நீர்ச்சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்வதற்கு மருத்துவர்க்கு மிகுந்த மனவலிமை வேண்டும். அவ்வாறு சொன்ன மருத்துவர்கள் நம் கொங்கு நாட்டில் பலர் இருந்தனர். அவர்களை ஊர் மறந்துவிடலாகாது.

கோவையில் பிளேக் மாரியம்மன் என்னும் பெயரில் இன்றும் கோயில்கள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பகுதியைப் பிளேக் சூறையாடியதன் நினைவு அது. மக்கள் தம் நினைவைக் கோயிலாக்கி வைத்தனர். நாம் கொரோனாவின் நினைவை எவ்வாறு வைத்துள்ளோம்? அடுத்த கொள்ளைநோய் வருமோ வாராதோ என்பது இறைவன் அறிந்தது. ஆயத்தம் செய்வது நம் பொறுப்பு. மாவட்டந்தோறும் தொற்றுநோய்க் காலத்தில் கூடும் குழுவில் குழந்தை மருத்துவர் ஒருவரும் செவிலியர் ஒருவரும் இடம்பெற வேண்டும். தெருவை அடைக்கும் ஆணையிலேயே அத்தெருவின் தடுப்பூசி நாளும் எழுதப்பட வேண்டும். குழந்தைகள் பிரிவில் தாய்க்கென ஒரு கட்டில் சலுகையாக அன்றி விதியாக அமைய வேண்டும். தாயும் நோயுற்றால் யார் அருகிருப்பது என்பதைச் சேர்க்கும்போதே கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும்.

நம் பள்ளிவாசல் ஜமாஅத்துகளுக்கும் இதில் பங்குண்டு. பிறப்பையும் திருமணத்தையும் இறப்பையும் பதியும் வழக்கமுள்ள ஜமாஅத்துகள், மஹல்லாக் குழந்தைகளின் தடுப்பூசித் தவணையையும் அறிந்து வைத்திருத்தல் அரிதன்று. வெள்ளிக்கிழமைப் பேருரையில் ஐந்து நிமிடம் ஒரு மருத்துவரைப் பேசச் செய்தால் நூறு வதந்திகள் வாய்மூடும். பெருந்துறைத் தொழிற்பேட்டையை ஒட்டிய வரிசை வீடுகளில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்கள் எந்த ஜமாஅத்திலும் இல்லை, எந்த ஊர்க்கவுண்டர் கணக்கிலும் இல்லை. குடும்ப அட்டையும் சொந்த ஊரில் இருக்கிறது. அங்குள்ள தாயின் கையில் இருக்கும் தடுப்பூசி அட்டையைப் பார்த்து, அடுத்த தவணை எந்த நாள் என்பதை அவளுக்குப் புரியும் மொழியில் சொல்ல ஆள் வேண்டும். அப்பணியை நோய் வராத காலத்திலேயே தொடங்கிவிட வேண்டும்; தெரு அடைபட்ட பின் அவள் வீட்டுக் கதவைத் தட்ட எவராலும் இயலாது.